காலி ஸ்லாட்டுக்கு எத்தனை தூரம்

செவ்வாய்க்கிழமை காலை முரளி போன் செய்தான். "பத்மா போயிட்டாங்கடா. மாரடைப்பு" என்றான். எந்தப் பத்மா என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த பத்மா ஒருவர்தான். இருந்தும் கேட்டேன்.

தி.நகர் ஆபீசில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புரோகிராமைப் பரிசோதிக்க உட்கார்ந்தால், எழுதியவரையே வரிவரியாகத் தமிழில் சொல்ல வைப்பார். "இங்கிலீஷ்ல படிச்சா எல்லாரும் தலையாட்டிடறோம். தமிழ்ல சொன்னாத்தான் என்ன எழுதியிருக்கோம்னு நமக்கே தெரியுது" என்பார். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. உங்களில் பலருக்கும் பிடிக்காது, இப்போது நல்லவர்கள் ஆகிவிடாதீர்கள்.

அப்படி ஒரு பரிசோதனை நாளில், மாலைக்குள் வெளிநாட்டு கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் பதிந்த டேப் போயாக வேண்டியிருந்தது. அவர்களுடைய பெரிய கம்ப்யூட்டரில் மெமரியைப் பங்கிடும் அடிப்படைப் புரோகிராமான கெர்னலில்தான் எங்களுக்கு வேலை. அந்தக் கம்ப்யூட்டரில் மெமரி நான்கு போர்டுகளாகப் பிரிந்து நான்கு ஸ்லாட்டில் செருகியிருக்கும். ஒரு போர்டில் இடம் தீர்ந்தால் கெர்னல் அடுத்துக் கிட்டே இருக்கும் போர்டுக்குப் போகும். எது எவ்வளவு தூரம் என்று சொல்ல முரளி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருந்தான். பத்மாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

பத்மா அப்போது ஒப்பந்த ஊழியர். கணவருக்கு வேலை போயிருந்தது. அந்த வாரம் நிரந்தரமாக்குவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வேலை அவருக்கு எவ்வளவு தேவை என்பது மேலாளருக்கும் நன்றாகத் தெரியும்.

முரளி வாசித்தான். "ரெண்டு போர்டு நம்பரை வாங்கிக்கோ. போர்டு இல்லைன்னா பூஜ்யம்னு சொல்லு. இருந்தா, டேபிளைப் பார்த்து தூரத்தைச் சொல்லு."

"நிறுத்துங்க. பக்கத்து போர்டு எவ்வளவு தூரம்?"

"ஒண்ணு."

"இல்லாத போர்டு?"

முரளி தாளைத் திருப்பிப் பார்த்தான். "பூஜ்யம்."

"இல்லாததுதான் எல்லாத்தையும் விடக் கிட்டக்க இருக்கு. கெர்னல் நேரா அங்கதான் போகும்" என்றார் பத்மா.

"இங்க இருக்கற மெஷின்ல நாலு போர்டும் இருக்கே. எல்லா டெஸ்ட்டும் பாஸ். கையெழுத்துப் போடுங்கம்மா, அடுத்த டேப்புல பார்த்துக்கலாம்" என்றார் மேலாளர்.

கோபம் வந்தால் பத்மாவுக்கு மயிலாப்பூர் வீட்டுத் தமிழ் வந்துவிடும். "நாலையும் ரொப்பி வெச்சுண்டு டெஸ்ட் பண்ணினா பாஸ்தான் ஆகும். வாங்கறவா ஒரு ஸ்லாட்டைக் காலியா விட்டா? ஒண்ணைக் கழட்டிட்டுப் பார்க்கலாம்."

"மெஷின் அந்தக் கம்பெனி நமக்குக் கொடுத்து வெச்சது. ஏதாவது ஆச்சுன்னா உங்க நிரந்தர ஆர்டரை மறந்துடுங்க" என்றார் மேலாளர்.

லேப் சாவி என்னிடம் இருந்தது. அதுவரை எனக்குப் பத்மா மேல்தான் எரிச்சல். அதைக் கேட்டதும் எரிச்சல் ஆள் மாறிவிட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

மெஷினை அணைத்தோம். பத்மாவே போர்டைக் கழற்றினார். மெஷினை மறுபடி ஆன் செய்ததும் அது சமர்த்தாகக் கிளம்பி வந்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "திருப்தியா?"

பத்மா முரளி பக்கம் திரும்பினார். "இன்னும் இடம் தீரலை. பெரிய புரோகிராமா ஓட்டுங்க முரளி."

முரளி மறுத்திருக்கலாம், அவனுடைய ஃபங்ஷன். ஆனால் அவன்தான் உட்கார்ந்து தட்டினான். திரையில் எண்கள் ஓடின. திடீரென்று எண்கள் நின்றன. முரளி எந்தப் பொத்தானை அழுத்தியும் அசையவில்லை. மேலாளர் வெளியே போய்விட்டார்.

"இல்லாத இடத்துக்கு எவ்வளவு பெரிய எண் முடியுமோ அதைப் போடுங்க. யாரும் தேடிண்டு போகப்படாது" என்றார் பத்மா. முரளி அந்த ஒரு வரியை மாற்றினான். டேப் மறுநாள் போயிற்று. பத்மாவுக்கு ஆர்டர் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அடையாறில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று மயிலாப்பூர் வீட்டிலிருந்து அவரைக் கொண்டு போன பிறகு, நானும் முரளியும் தெருவிலேயே நின்றிருந்தோம். "காலையிலேர்ந்து எதை நினைச்சாலும் மனசு அவங்ககிட்டதான்டா போய் நிக்குது. நான் முதல்ல எழுதின பூஜ்யம்தான் கரெக்ட்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதுவிட்டேன்.

எதை எழுதினாலும் ஒருமுறை தமிழில் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். பத்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். முரளி சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன். வெறும் பேச்சுக்கெல்லாம் அவர் கையெழுத்துப் போடமாட்டார், கழற்றிப் பார்க்கச் சொல்வார். நீங்கள் இல்லாமல் பார்த்துவிட்டோம், பத்மா. முரளி சொல்வது சரிதான்.