ஜாடை

விழுப்புரத்தில் நான் ஏறிய பாசஞ்சர் ரயிலில் என் எதிரே இருந்தவள் மடியில் லேப்டாப் வைத்திருந்தாள். திரையில் முரட்டு மீசையும் பருத்த கழுத்துமாக ஓர் ஆண் உருவம். அதன் கன்னத்தை மவுஸால் கொஞ்சம் இழுப்பாள், தாடையைச் சுருக்குவாள், பிறகு துப்பட்டா நுனியால் அந்த முகத்தைத் துடைப்பாள். எனக்குத் தூசி எதுவும் தெரியவில்லை.

"யாரும்மா இந்த ரவுடி?" என்றேன்.

"எங்க அண்ணன்க்கா. தவறிட்டாரு. அனிமேஷன் படிக்கும்போது அவரப் பாத்துதான் இந்த உருவத்த செஞ்சேன். ஆபீஸ்ல நாங்க செய்யுற வீடியோ கேமுக்கு அடி வாங்குற ரவுடி ஒண்ணு ஜல்தியா வேணும்னாங்க. இவரையே மாத்தினேன். அவசரத்துல பழைய ஃபைல் மேலயே சேவ் பண்ணிட்டேன், அவரு முகம் அழிஞ்சிபோச்சு. இப்ப திரும்ப அவராவே மாத்திக்கினு இருக்கேன்."

"போட்டோ இல்லையா?"

"இருக்குதுக்கா. எல்லாத்துலயும் சிரிச்சிக்கினு இருக்காரு. சும்மா இருக்கும்போது எப்டி இருப்பாருன்னு ஞாபகம் வரமாட்டேங்குது."

திண்டிவனம் வந்தது. நான் எழுந்ததும் லேப்டாப்பைத் தூக்கித் தன் முகத்தோரம் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, என் ஜாடை எங்கனா தெரியுதா?"

இரண்டு முகங்களையும் பார்த்தேன். "தெரியுதும்மா."

"எங்க தெரியுதுக்கா?"

பின்னால் நின்றவர்கள் நெருக்க, இறங்கிவிட்டேன். பதில் தேடி அந்த முகத்தை இன்னமும் நினைத்துப் பார்க்கிறேன். மீசை மட்டும்தான் வருகிறது.