இரண்டு பக்கமும் கரை தெரிகிற கடல்

அப்பாவின் கடிதத்தைப் பிரித்தால் முதலில் வாடைதான் வரும், எழுத்தெல்லாம் அப்புறம்தான். கச்சா எண்ணெயும் துருப்பிடித்த இரும்பும் ஏதோ சோப்பும் கலந்த அந்த வாடையை, நீலநிறத் தாளை மூக்கருகே வைத்து ஒருமுறை இழுத்துக்கொண்ட பிறகே அம்மா என்னிடம் படிக்கக் கொடுப்பாள். அவளுக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆனாலும் அப்பா எழுதியதை என் வாயால் கேட்பதில் அவளுக்கு ஒரு பிரியம்.

அப்பா மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். கட்டுமரம் ஏறிய குடும்பத்திலிருந்து பம்பாய்க்குப் போய் எண்ணெய்க் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள். என் படிப்புக்காக நாங்கள் திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருடைய கப்பல் பாரசீக வளைகுடாவுக்குள் போய் எண்ணெய் நிரப்பிக்கொண்டு சிங்கப்பூருக்கோ ஜப்பானுக்கோ போகும், இறக்கிவிட்டு மறுபடியும் அங்கேயே வரும். வளைகுடா ஒரு சுருக்குப்பை என்றால் அதற்கு ஒரே ஒரு வாய்தான் உண்டு. உலகம் அதை ஹார்முஸ் நீரிணை என்று சொல்லும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘இடுக்கு’. உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த இடுக்கை விட்டால் கப்பலுக்கு வேறு வழி கிடையாது.

அம்மாவின் கணக்கோ குப்பத்துக் கணக்கு. கட்டுமரத்தில் போகிறவர்களுக்கு எமன் இருப்பது கரை மறைந்துபோன நடுக்கடலில். திரும்பும்போது பனைமரத் தலைகள் கண்ணில் பட்டுவிட்டால் பாதி உயிர் திரும்பி வந்துவிடும். “கரை கண்ணுல பட்டா ஆளு வந்தா மாதிரிதாண்டி” என்று அவள் அடிக்கடி சொல்வாள். அதனால் அப்பா கரை தெரியாத சமுத்திரத்தில் போய்க்கொண்டிருக்கும் நாளெல்லாம் அவள் மீன் தொடமாட்டாள். இது அவளாகவே வைத்துக்கொண்ட வேண்டுதல். பால் மறந்த நாளிலிருந்து மீன் தின்று வளர்ந்தவள் கத்திரிக்காய்க் குழம்பை முகம் கோணாமல் விழுங்க முயன்று தோற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். அப்பாவும் அதற்கேற்றபடியே எழுதுவார்: “இருபதாம் தேதி வாக்கில் இடுக்கில் நுழைவோம். அங்கே இரண்டு பக்கமும் கரை தெரியும். ஒன்றும் பயமில்லை.” உடனே நாட்காட்டியில் அந்தத் தேதித் தாளைத் தேடி ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

நான் ஆறாம் வகுப்பு படித்த அந்த ஆண்டில் ஈரானும் ஈராக்கும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தன. ஒருநாள் சமூக அறிவியல் டீச்சர் கரும்பலகையில் அந்த இடுக்கை வரைந்தார். செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போய்வந்திருந்த சமயம் அது. தெற்கத்தி ராஜாக்கள் வாங்கிய அரபு, பாரசீகக் குதிரைகள் இந்த வாசலிலிருந்தும் கப்பலேறின என்றும், போர்ச்சுக்கீசியர் இங்கே ஒரு தீவைப் பிடித்துக்கொண்டு வருகிற போகிற கப்பல்களிடமெல்லாம் வரி பிடுங்கினார்கள் என்றும், அன்று குதிரைக்கு நடந்த சண்டைதான் இன்று எண்ணெய்க்கு நடக்கிறது என்றும் சொல்லிக்கொண்டே போனார். நான் பெருமை தாங்காமல் எழுந்து, “டீச்சர், எங்கப்பா இதுல போவாரு டீச்சர்!” என்றேன். அவர் அதைச் சரியாகக் காதில் வாங்காமல், “இதோட அகலம் எவ்ளோ தெரியுமா? நம்ம ஊருக்கும் விழுப்புரத்துக்கும் இருக்கிற தூரம்தான். அதுலயும் பெரிய கப்பல் போற வழி ரெண்டே மைல். கரையிலேர்ந்து குண்டு போட்டா ஒதுங்க எடமில்ல, தண்ணிக்குள்ளயும் வெடி வெச்சிருக்காங்க” என்று முடித்தார். பிறகுதான் நான் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “உக்காரு கண்ணு” என்றார்.

அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு நிம்மதியாக இருக்கிற ஒரே ஒரு நாளும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லாமல் இருப்பது அத்தனை கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. குங்குமம் வைத்த தாள் நெருங்க நெருங்க, மிச்சமிருந்த தாள்களைத் தினமும் எண்ணினேன்.

அந்தத் தேதி ஒரு சனிக்கிழமையில் வந்தது. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் கூடை கொண்டுவரும் அம்மாளிடம் சங்கரா மீன் வாங்க வாசலுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குள் ரேடியோ காலைச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. ஹார்முஸ் நீரிணை அருகே எண்ணெய்க் கப்பல் ஒன்று தாக்கப்பட்டு எரிந்துகொண்டிருப்பதாகவும், மாலுமிகளின் கதி தெரியவில்லை என்றும் சொன்னார்கள். எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. நான் ரேடியோவின் முதுகைத் திறந்து பேட்டரிகளை உருவி என் புத்தகப் பைக்குள் போட்டேன். அவசரத்தில் ஒன்று உருண்டு பீரோவுக்கடியில் போய்விட்டது. அதைத் தேடி எடுப்பதற்குள் அம்மா மீனோடு உள்ளே வந்துவிட்டாள்.

அன்று அம்மா அத்தனை சந்தோஷமாக இருந்தாள். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். என் தட்டில் நடுத்துண்டு வைத்துவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாடி, துண்ணாம கெளறிக்கினு கீற? உப்பு பத்தலயா?”

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ரேடியோவில் கேட்டதைச் சொன்னேன். அவள் மிரளவில்லை, சிரித்தாள். “யாரு கப்பலோ. அந்த எடத்துல உங்கப்பாவுக்கு இன்னா பயம்? ரெண்டு பக்கமும் கரை கீதே.”

“கரைதாம்மா பயம்!” என்று கத்தினேன். “கரையிலேர்ந்துதான் சுடறாங்க!”

அம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. டீச்சர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள். பிறகு குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு வந்து, “சட்டைய மாத்து, ஜல்தி. விழுப்புரம் போறோம்” என்றாள்.

விழுப்புரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், அப்பாவின் கப்பலிலேயே சமையல்காரராக இருக்கும் ஒருவர் விடுப்பில் வந்திருந்தார். பம்பாய் ஆபீசோடு பேசத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் எனக்கு வேடிக்கை பார்க்கத் தோன்றவில்லை. இந்தத் தூரம்தான், இதே தூரம்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. கூட்டேரிப்பட்டு போயிற்று, விக்கிரவாண்டி போயிற்று. வழியெல்லாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் காடும் கரும்பும். அந்த அகலத்தை முழுக்கத் தண்ணீராக்கி, இரண்டு முனையிலும் துப்பாக்கி வைத்து, நடுவில் அப்பாவை நிறுத்திப் பார்த்தேன். மயிலம் மலை கண்ணில் படும் இடத்தில் எப்போதும் கைகூப்பும் அம்மா அன்று கூப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். “மீனு துண்ண கை” என்றாள். எந்த நேரத்தில் விரதம் காத்திருக்க வேண்டுமோ அந்த நேரத்தில் ஆக்கித் தின்றுவிட்டோம் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது, பஸ் முழுக்க வலது கையை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டே வந்தாள்.

சமையல்காரர் அம்மாவைப் பார்த்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டார். அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. “பேஜாரு படாத தங்கச்சி, ட்ரங்க் கால் போட்டுப் பாத்துடலாம்” என்று தபாலாபீசுக்குக் கூட்டிப்போனார். மதியம் பதிவு செய்த அழைப்பு சாயங்காலம்தான் கிடைத்தது. அதுவரை அம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் போன் கூண்டுக்குள் நின்று இந்தியில் கத்திப் பேசினார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாததால் கண்ணாடி வழியாக அவர் முகத்தையே பார்த்தோம். அந்த முகம் முதலில் எதையும் சொல்லவில்லை. பிறகு அவர் போனை வைக்காமலே எங்கள் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

“நம்ம கப்பல் இல்ல தங்கச்சி. நம்மது இன்னும் உள்ளயே போவல. வெளியவே நங்கூரம் போட்டுக்கினு நிக்குதாம்.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவளோ, “அப்டின்னா இனிமேதான் போவணுமா அண்ணா?” என்று கேட்டாள். அவர் அழைப்புக்குக் காசு கட்டப் போய்விட்டார்.

அப்பா மூன்று மாதம் கழித்து முழுசாகத் திரும்பி வந்தார். அந்த மூன்று மாதமும் அம்மா நாட்காட்டிப் பக்கமே போகவில்லை, மீனும் வாங்கவில்லை. அவர் வந்த மறுநாள், கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் எதிரே போய் நின்றாள்.

“கரைதான் பயம்னு ஒனக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் அப்டி எழுதினே?”

அப்பா சோப்பு நுரையோடு அவளைப் பார்த்தார். “ஒரு நாளாவது நீ ஒரு வாய் மீனு துண்ணுவியேன்னுதான்” என்றார்.

அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அவர்மீது கோபம்தான் வந்தது. அத்தனை பெரிய பொய்யை அத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டாரே என்ற கோபம் எனக்குப் பல வருஷம் இருந்தது.

இப்போது அப்பா இல்லை. நீலத் தாள் கடிதம் இல்லை, ட்ரங்க் கால் கூண்டும் இல்லை. குப்பத்தில் கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. நான் விழுப்புரத்தில் குடியிருக்கிறேன், அம்மாவும் என்னோடுதான். என் மகன் எரிவாயுக் கப்பலில் எஞ்சினியர். அவனுடைய கப்பல் எங்கே போகிறது என்பதைப் போனில் ஒரு பச்சைப் புள்ளியாகப் பார்க்கலாம், எனவே யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடுக்கின் பெயர் மறுபடியும் செய்தியில் அடிபடத் தொடங்கியது. போன வாரம் ஒரு காலையில் புள்ளி இடுக்கின் வாயருகே வந்தது, திடீரென்று காணாமல் போயிற்று. ஆபத்தான இடத்தைக் கடக்கும்போது கப்பல்காரர்களே அதை அணைத்துவிடுவது உண்டு என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். சொல்லியிருந்து என்ன? மதியம்வரை போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா கேட்டாள்: “புள்ள எங்க கீறான்?”

“துறைமுகத்துலதாம்மா. கப்பல்ல ஏதோ ரிப்பேராம், கெளம்ப நாலு நாள் ஆவுமாம்.”

என் குரல் எனக்கே இயல்பாகத்தான் கேட்டது. அம்மா என் முகத்தையும் கையிலிருந்த போனையும் பார்த்தாள். “காலையிலேர்ந்து நீ ஒண்ணும் துண்ணல. ஒக்காரு” என்று என் தட்டில் சோறு போட்டாள். பிறகு தனக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் தன் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.