மூன்றாய் வெட்டிய தகடு

அப்பாவுக்குத் தகர வேலை. கூரைத் தண்ணீரைப் பிடித்து இறக்கும் வாய்க்கால்களை அவரே வெட்டி, மடக்கி, மாட்டுவார். ஒரு தகட்டை மூன்றாக வெட்டினால் துண்டு மிஞ்சாது. அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே அகலம். எங்கள் பக்கம் மழை குறைவு, அதுவே போதும் என்று நம்பியிருந்தார்.

நான் வடிகால் பொறியாளர். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன்: வருடம் முழுக்க எவ்வளவு பெய்கிறது என்பது கணக்கில்லை. ஐந்து நிமிடத்தில் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது, கூரை எவ்வளவு பெரிது, இவைதான் கணக்கு. எங்கள் ஊர் மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் கொட்டித் தீர்த்துவிடும்.

அப்பா டீயைக் கீழே வைத்தார். "அப்போ அக்கா வீடு?"

அப்பாவின் அக்கா, என் அத்தை. அவர் வீட்டு வாய்க்கால் கூரைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓடுகிறது. நிரம்பினால் தண்ணீர் வெளியே விழாது, உள்ளறையில் இறங்கும். அங்கே சுவரில் சுவிட்ச் போர்டு. அதன் கீழே கட்டிலில், இடுப்பொடிந்து எழ முடியாத மாமா.

அன்றுமுதல் மேகம் கறுத்தால் அப்பா முகமும் கறுத்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். மெயினை அணைத்துவிட்டு, அத்தையும் அவருமாகக் கட்டிலைக் கூடத்துக்கு இழுப்பார்கள்.

"நாலு தூறல் விழறதுக்குள்ள வந்து நிக்கறியே தம்பி, உனக்கு வேற பொழப்பு இல்லையா?"

"சிரிக்காதக்கா. கட்டிலோட அந்தப் பக்கம் பிடி."

"விடு," என்றார் மாமா. "இவன் புண்ணியத்துல நானும் வீட்டைச் சுத்திப் பார்க்கறேன்."

கடைசியில் அப்பா அத்தை வீட்டுக்காகத் தகட்டை இரண்டாக, அகலமாக வெட்டினார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் செய்தார்.

"ஒரு மூட்டு பாக்கி, பாப்பா. மேகம் ஏறிடுச்சு."

"இறங்குங்கப்பா. மாமாவ முதல்ல வெளிய கொண்டுபோங்க."

"அக்கா மருந்து வாங்கப் போயிருக்கா. தனியா கட்டில் நகராது."

"மெயினாவது அணைச்சீங்களா?"

"டிரில்லுக்குக் கரண்ட் வேணுமே."

போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிரில் சத்தம் கேட்டது. தகரத்தில் மழை விழத் தொடங்கியது. டிரில் நின்றது. ஏணி சரிந்தது. நான் கத்தினேன். மழைதான் கேட்டது.

கடைசி மூட்டையும் அப்பா மாட்டி முடித்திருந்தார்; அந்த வாய்க்கால் வழியவில்லை. மாமாவின் போர்வைகூட நனையவில்லை. அத்தை வந்து சேரும்வரை, அவர் படுத்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மழையில் அசையாமல் கிடந்த அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.