தொரமாரு குலசாமி

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா இப்போது ஓட்டலாக இருக்கிறது. அங்கே அறைகளைக் கூட்டிப் படுக்கை விரிப்பது என் வேலை. பங்களா வாசல் வளைவின் உச்சியில் ஒரு கல் கேடயம். அதில் சிங்க உடம்பும் கழுகுத் தலையும் விரிந்த சிறகுமாக ஒரு மிருகம். தோட்டத்தை முதலில் திறந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் சின்னம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அதை ‘தொரமாரு குலசாமி’ என்பார்கள். கொழுந்தெடுக்கப் போகும்போது அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பெண்களும் உண்டு.

அந்தக் குடும்பத்தின் பேரன் இங்கிலாந்திலிருந்து வரப்போவதாகச் செய்தி வந்தது. சின்னம் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. தோட்டத்தில் மேசன் வேலை பார்த்த என் அண்ணனை ஓட்டல் மெனேஜர் கூப்பிட்டார். அன்று மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

“கொஞ்சம் காயட்டும் சேர், கல்லு வழுக்குது” என்றார் அண்ணன்.

“நாளைக்கு அவங்க வந்துருவாங்க. இன்னைக்கே முடிச்சிருங்க.”

மாடி ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஏணியில் நின்று, ஒரு கையால் சிறகைப் பிடித்தபடி மறு கையால் பாசியைத் தேய்த்தார். சிறகு உடைந்து கையோடு வந்துவிட்டது. நான் ஓடி வருவதற்குள் கல் படியில் மல்லாந்து கிடந்தார். “காலு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். அவருடைய கால்களை நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

விருந்தாளியின் பயணம் தள்ளிப்போனது. பல மாதம் கழித்து, அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகுதான் அவர் வந்தார். வெள்ளைத் தலை, மென்மையான குரல். வாசலில் எங்களையெல்லாம் நிற்க வைத்துச் சின்னத்தைப் பற்றிப் பேசினார். மெனேஜர் தமிழில் சொன்னார்:

“கழுகுத் தலை முழிச்சிருக்கிறதுக்கு. சிங்க ஒடம்பு தைரியத்துக்கு. தன் காவல்ல இருக்கவங்கள அது கைவிடாதாம்.”

பெரியவர் சிமெந்து பூசிய சிறகைக் காட்டி ஏதோ கேட்டார். ‘ரெயின்’ என்றார் மெனேஜர், மழையில் உடைந்ததுபோல. அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். முன்னே வந்து சொன்னேன்:

“நோ சேர். மை பிரதர் ஃபால். நவ் நோ வோக்.”

மறுநாள் காலையில் பெரியவர் லயத்துக்கு வந்தார். தலை குனிந்து உள்ளே நுழைந்து, கட்டிலருகே மண்டியிட்டு அண்ணனின் கையைப் பிடித்து அழுதார். அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, “அழ வேணாம்னு சொல்லும்மா” என்றார். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் ஊருக்குப் போய் ஒரு சக்கர நாற்காலி அனுப்பினார். எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்குப் படிக்கட்டு மட்டும்தான். அதனால் அண்ணன் அதில் உட்கார்ந்து வாசல் வரைதான் வர முடிந்தது. அங்கிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் வந்த புண் ஆறவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார்.

அண்ணி கொழுந்துக்குப் போகிறார். நான் இன்னும் அதே ஓட்டலில்தான் வேலை செய்கிறேன். இங்கே வேறு வேலை இல்லை.