சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு பொன்மணி

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கல்வட்டங்கள் பார்க்க வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் அங்கே போனது 1971 ஜனவரியில், ஒரே ஒரு பொன்மணியை வாங்கிவர. அதையே சொல்கிறேன், வழி அதிலேயே வந்துவிடும்.

அப்போது தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். அந்தக் கல்வட்டங்களுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிய இடத்தில், இறந்தவர்களைப் புதைக்கும் பழைய தாழி ஒன்று உடைந்து, உள்ளே மிளகளவு பொன்மணி கிடைத்ததாகச் சேதி வந்தது. பேராசிரியருக்கு அன்று ஆவலில் சோறு இறங்கவில்லை. பொன்னோடு கலந்திருக்கும் வெள்ளியும் செம்பும் இடத்துக்கு இடம் மாறும். மணியில் சுரண்டிய துணுக்கு ஒன்றை எரித்து, அந்த ஒளியைக் கோடு கோடாகப் பிரித்துப் படமெடுத்தால் எந்த மண்ணின் பொன் என்று ஓரளவு சொல்லலாம். ஒப்பிட்டுப் பார்க்கக் கோலார் பொன்னும் வயநாட்டு ஆற்றுப் பொன்னும் தயாராக இருந்தன. வேறு நகையோடு மணி உரசிவிட்டால் மட்டும் எல்லாம் பாழ். ஆய்வகத்தில் எல்லார் உடம்பிலும் மோதிரமோ தாலியோ இருந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையில் பொன் அணிவதில்லை, அதனால் என்னை அனுப்பினார்கள்.

காலை 7.40 ரயில். இருபத்திரண்டு கிலோமீட்டர், அறுபது பைசா, நாற்பது நிமிடம். வண்டலூர் தாண்டியதும் ஏரிகளின் மேல் பனி படுத்திருந்தது. இறங்கி மேற்கே மூன்று கிலோமீட்டர் நடை.

கிணற்றுக்காரர் கன்னியம்மா என் வெறுங்கழுத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“இன்னா டீச்சரம்மா, ஒரு பொட்டுத் தங்கம் காணோம்?”

“எங்க சபையில போட மாட்டோம்க்கா.”

“நானும் இத்த என் தாலி பக்கமே கொண்டாரல. அரிசிப் பானையிலதான் கீது. ஒரு தபாதான் சுரண்டணும், அப்பால எங்கிட்டயே குடுத்துடணும்.”

பதினொன்றே காலுக்குத் திரும்பும் ரயில். பெட்டியில் ஆளில்லை. மணி தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டதாகத்தான் அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயமெல்லாம் இல்லை, ஆசைதான். இருபத்து மூன்று வயதில் முதன்முதலாகப் பொன். வெயிலில் மணி சூடேறியது. பொத்தேரி ஏரி ஜன்னலில் மெல்ல நகர்ந்தது. இதைக் கடைசியாகப் போட்டிருந்தவளும் இந்தத் தண்ணீரைப் பார்த்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். தாம்பரத்தில் விழித்தபோது கழுத்தெல்லாம் வியர்வை. அவசரமாகக் கழற்றி, ஆய்வகத்திலிருந்து கொண்டுபோயிருந்த குப்பியில் போட்டேன்.

மறுவாரம் படத்தட்டில் வெள்ளிக்கோடு, செம்புக்கோடு எல்லாம் வந்திருந்தன. கூடவே உப்பின் கோடும் பளிச்சென்று.

“எஸ்தர், இது வேர்வை உப்பு. அந்தம்மா போட்டிருந்திருக்காங்க, தாலியோட உரசியிருக்கும். இந்தப் படத்தை நம்ப முடியாது” என்றார் சார். கன்னியம்மாவுக்குக் கொடுத்த வாக்கால் இன்னொரு முறை சுரண்டவும் முடியாது. நான் வாய் திறக்கவில்லை. வேலை போகும், சபையில் அப்பா தலைகுனிவார். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மணியைத் திருப்பிக் கொடுத்தபோது கன்னியம்மா கேட்டார்: “எந்த ஊரு பொன்னாம்?”

“தெரியலையாம்க்கா.”

“போவட்டும். நீ பத்தரமா கொண்டாந்துட்டியே, அது போதும்.”

போகிறவர்கள் விடியலிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் கல் சுடும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் தோண்டாதீர்கள். கிணற்றடி வீட்டில் கன்னியம்மாவின் மக்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: உங்கள் அம்மா அந்த மணியைப் போடவில்லை. போட்டது நான்.