பொதுவில் போட்ட சொற்கள்

பொது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். மயிலாப்பூரில் நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம். நாலு வீட்டுக்கும் ஒரே குளியலறை. யார் தலைமுடி சாக்கடை வாயை அடைத்திருக்கிறது என்பதுதான் அன்றாடம் காலைச் சண்டை. அப்படிப்பட்ட என்னிடம் போய்த் தம்பி, "கம்ப்யூட்டர்ல நமக்குப் பொதுவா ஒரு டிரைவ் வெச்சிருக்கேன்க்கா" என்று பெருமையடித்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரே கம்ப்யூட்டர் பெட்டியில் இரண்டு இயங்குதளம், அவனுக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். பிரிண்டர் விண்டோஸில் மட்டும்தான் அசையும். என் கோப்புகள் அங்கே போக வேண்டுமானால், இரண்டுக்கும் கண்ணில் படுகிற அந்தப் பொது டிரைவ்தான் வழி.

நான் தி. நகரில் தமிழ் டீச்சர். என் பிள்ளைகளுக்கு நாக்கை மடிக்க அப்படி ஒரு சோம்பல். பள்ளியும் பல்லியும் அவர்கள் வாயில் ஒன்றுதான். கேட்டுக் கேட்டு அருவருத்துப்போய், கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு பயிற்சிப் புத்தகம் தட்டினேன். சொல்லுக்கு ஒரு கோப்பு, ஆங்கில எழுத்தில் பெயர். palli என்றால் பல்லி, paLLi என்றால் பள்ளி. பள்ளி திறப்பதற்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

பிரிண்ட் எடுக்கிறேன் பேர்வழி என்று தம்பி எல்லாவற்றையும் பொதுவுக்குத் தள்ளினான். பிரதி எடுக்கவில்லை, அப்படியே நகர்த்திவிட்டான். லினக்ஸுக்குச் சின்ன எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. பொது டிரைவ் விண்டோஸ் வழக்கப்படி நடப்பது. அதற்கு இரண்டும் ஒன்று; palli, paLLi இரண்டும் ஒரே பெயர்தான். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை அழித்து எழுதட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது.

"அது கேட்டுக்கினே இருந்துச்சுக்கா. நானும் ஆமான்னு y தட்டிக்கினே இருந்தேன்."

"படிக்காமலா தட்டினே?"

"படிச்சேன். இன்னாக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?"

சீ! என் கூடப் பிறந்தவன் வாயிலிருந்து இந்த வார்த்தை. திறந்து பார்த்தேன். மணம் போய் மனம் இருந்தது. கறி போய்க் கரி. வெள்ளம் போய் வெல்லம். ண, ள, ற ஒன்று விடாமல் காலி. அன்றைக்கு அவனுக்குச் சோறு போடக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஜூனில் புத்தகம் இல்லாமலே வகுப்புக்குப் போனேன். தாமதமாக வந்த ஒருத்தியை நிறுத்தி, "ஏன்டி லேட்டு?" என்றேன்.

"பல்லிக்கு வர பஸ்ஸே இல்ல டீச்சர்."

அவளுக்குக் காட்ட என்னிடம் இருந்ததும் பல்லிதான்.