குண்டு எழுத்தில் என் கணவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் போபோடி நாற்சந்தியில் என் கணவர் இறந்துபோயிருந்தார்.

பதறாதீர்கள். பத்து நிமிஷம் முன்புதான் முணுமுணுத்துக்கொண்டே அவருக்கு இரண்டாவது காபியைக் கொடுத்துவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பியிருந்தேன். ஆனால் அஞ்சலி ஃப்ளெக்ஸில் இருந்தது அவர் பெயர்தான் – எஸ். சுந்தரேசன். மேலே மராத்தியில் இரங்கல் வரி. நடுவில் யாரோ ஒரு மீசைக்காரரின் போட்டோ. கீழே ஆங்கிலத்தில் இவர் பெயர்.

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். நானே தேர்ந்தெடுத்தது! மூன்று மாதம் முன்பு, இவருடைய ரிடையர்மென்ட் விழா பேனருக்காக, பிரகாஷின் டிடிபி கடையில் உட்கார்ந்து ஃபான்ட் ஃபான்டாகப் பார்த்து...

குண்டு குண்டான கோடுகள். அவற்றைச் சேர்க்க மயிரிழைக் கோடுகள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சுருள், சுருளின் முடிவில் ஒரு சொட்டு. கல்யாணப் பத்திரிகைக்கும் போடலாம், ஐஸ்கிரீம் கடைக்கும் போடலாம். தள்ளி நின்று பார்த்தால் மெல்லிய கோடுகள் மறைந்து, கறுப்புத் தூண்கள் மட்டும் நிற்கும். விழாவில் எல்லோரும் ‘ஆஹா’ என்றார்கள். எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

கடைக்கு ஓடினேன்.

“அரே ஆன்ட்டி, மதராசி ஆளுங்களுக்கு என்கிட்ட ஒரே ஃபைல்தானே!” என்றார் பிரகாஷ், இந்தியில். “போட்டோ மாத்தினேன், மேல் வரி மாத்தினேன்...” அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இறந்தவர் பெயர் முருகேசன். ஃபாக்டரித் தொழிலாளி. ஃப்ளெக்ஸ் வைத்து ஐந்து நாளாகிறது. ஒருவரும் கவனிக்கவில்லை!

சாதாரண எழுத்தில் புதிதாக அடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஃப்ளெக்ஸ் அடியில் ஓர் அம்மாள். முருகேசனின் மனைவி. எழுதப் படிக்கத் தெரியாதவர். சாமந்தி மாலையைக் கட்டிவிட்டு, என் கணவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை புது ஃப்ளெக்ஸ் வந்தது. “பாருங்கம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு” என்று காட்டினேன்.

விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

“இல்லீங்க... இது வேற யாரோ. அவரு பேரு குண்டா, சுருட்டிச் சுருட்டி இருக்கும்.”

விளக்க வாயெடுத்தேன். என்னவென்று சொல்ல? இத்தனை நாளும் நீங்கள் தடவி அழுதது என் கணவரின் பெயரை என்றா? மனசு வரவில்லை. கழற்றி வைத்திருந்த பழைய ஃப்ளெக்ஸைப் பத்திரமாகச் சுருட்டி, அந்த அம்மாளே தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். நான் தடுக்கவில்லை.

ஆக, போபோடியில் ஒரு வீட்டில் தினமும் சாயங்காலம் என் கணவர் பெயருக்கு விளக்கேற்றுகிறார்கள்.

இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் மூன்றாவது காபி கேட்டாலும், முணுமுணுக்காமல் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் – கேட்கிறாரே, அது போதும்!